இல்லை என்றே சொல்லாத மீன்தொட்டி

கோவிலம்பாக்கத்தில் ஒரு மீன் பேச ஆரம்பித்தது. வாயால் இல்லை. வாயால் பேசியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம், நமக்கெல்லாம் அறிவு கொஞ்சம் அதிகம் அல்லவா? அது தண்ணீரால் பேசியது. உடனே நம்பிவிட்டோம்.

மெயின் ரோட்டிலிருந்து மூன்றாவது தெரு, மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷன். அங்கே ஒரு மர அலமாரியின் மேல் ஒன்றரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே நெற்றி புடைத்த ஃப்ளவர்ஹார்ன் மீன். பெயர் குபேரன். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் தொட்டியைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிறு. பக்கத்தில் பட்டு ஜிப்பாவில் ‘மச்சஸ்ரீ’ ஷ்யாம்சுந்தர். இவர் மூன்று வருஷத்துக்கு முன்பு தாம்பரத்தில் வீடு வீடாக ஏறித் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றவர். ஒன்றும் விற்கவில்லை. நல்ல தண்ணீர் வேண்டாம் என்று கதவைச் சாத்திய அதே ஜனம், மீன் குளித்த தண்ணீருக்கு இப்போது வரிசையில் நின்றது.

முறை ரொம்பச் சுலபம். கேள்வியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தொட்டியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொள்ள வேண்டும். மட்டம் கயிற்றிலிருந்து அரை விரல் இறங்கும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எங்கிருந்தோ ‘ம்ம்ம்ம்’ என்று ஓங்காரம் கேட்கும். ஒரு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தால், யாரும் ஊற்றாமலே தண்ணீர் மறுபடி கயிற்றைத் தொட்டிருக்கும்! தொட்டால் குபேரன் ‘ஆமாம்’ என்கிறார் என்று அர்த்தம். தட்சணையை உண்டியலில் போட்டுவிட்டு, செம்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகலாம்.

மீனின் உடம்பில் கறுப்புப் புள்ளிகள் உண்டு. கோயிலுக்குப் போகிறவர்கள் பார்த்தால் அதில் ஓம் தெரிந்தது. ஞாயிறு பூசை முடித்து நேராக வந்தவர்கள் பார்த்தால் சிலுவை தெரிந்தது. பங்குச் சந்தைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, மேலே போகிற அம்புக்குறி என்று சொல்லி இருக்கிற நகையை எல்லாம் அடகு வைக்கப் போனார்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தெருமுனையில் டீக்கடை இரண்டாயிற்று. பொத்தேரியிலிருந்து காலேஜ் பையன்கள் ரயிலும் பஸ்ஸுமாக மாறி வந்தார்கள்.

“மச்சான், அரியர் எல்லாம் கிளியர் ஆயிடுமாம்டா!”

“எத்தனை பேப்பரு?”

“ஏழும்.”

“அப்ப இன்னும் எதுக்குடா புக்க வச்சுக்கினு கீற? எடைக்குப் போட்றா.”

மேடவாக்கத்திலிருந்து அண்ணன் ஒருவர் வந்து, “இந்த மனை எனக்கா?” என்று கேட்டார். தண்ணீர் ஏறியது. மறுநாள் அவருடைய தம்பி வந்து அதே மனையைக் கேட்டார். அதற்கும் ஏறியது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நன்றி சொல்ல வந்து, வாசலில் சந்தித்துக்கொண்டு, அந்தப் பழத்தாலேயே ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். அப்போதாவது யாருக்காவது ஒரு சின்னச் சந்தேகம்? ஊஹூம். “குபேரனுக்குப் பாரபட்சமே கிடையாது” என்று உருகினார்கள்.

ஆறு மாசத்தில் அந்தத் தொட்டி ஒருவருக்குக்கூட ‘இல்லை’ சொன்னதில்லை. இதை யாருமே கவனிக்கவில்லை. ஆமாம் ஆமாம் என்று சொல்கிறவரை யார் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்?

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குபேரன் திடீரென்று மாறிவிட்டார்.

வீடு கட்டலாமா? தண்ணீர் ஏறவில்லை. துபாய் வேலை? ஏறவில்லை. பெண் பார்க்கப் போகலாமா? ஏறவில்லை. ஓங்காரமும் இல்லை. ஷ்யாம்சுந்தருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் அனுபவசாலி அல்லவா, முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டு, “மறுப்பு” என்றார். மறுப்பு வந்தால் பரிகாரம் உண்டு. நாற்பத்தெட்டு நாள் தொட்டித் தண்ணீர், வாராவாரம் வந்து வாங்கிப் போக வேண்டும்.

இரண்டே நாளில் அவருக்கு ஒரு பெரிய உண்மை விளங்கியது. ‘ஆமாம்’ வாங்கினவர்கள் போய்விடுகிறார்கள். ‘இல்லை’ வாங்கினவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள்! ஜனங்களோ, “காலம் கெட்டுப்போச்சு, சாமிக்கே மனசு வரல” என்று இன்னும் பெரிய பாட்டிலாக எடுத்து வந்தார்கள்.

அந்த வாரம் புதன்கிழமை வந்தவர்தான் சரசு. பல்லாவரம் பக்கம் இருபத்தைந்து வருஷமாகத் துணி தைக்கிறவர். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ரொம்ப முற்றிவிட்டது, இனிமேல் தள்ளிப்போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடலாம் என்று டாக்டர் சொல்லி, அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாளும் குறித்துக் கொடுத்திருந்தார். சரசுவுக்குக் கண்ணில் கத்தி என்றாலே அப்படி ஒரு பயம். கணவர் சின்னப்பன் ஆட்டோக்காரர். குபேரனைப் பார்க்கத் தினமும் பத்து சவாரியாவது ஏற்றுகிறவர். “கண்ணு விஷயம்டி, ஒரு வார்த்த கேட்டுக்கினு போயிடலாம்” என்று கூட்டிப் போனார்.

“ஆபரேஷன் பண்ணிக்கலாமா சாமி?” என்று சரசு கேட்டார். செம்பில் மொண்டார். கண்ணை மூடினார். திறந்தார். தண்ணீர் அசையவே இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், சரசுவுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பயந்தவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

மறுநாள், தைக்கக் கொடுத்திருந்த பிளவுஸை வாங்க செல்வமேரி வந்தார். இவர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வளர்ப்பு மீனும், தொட்டியும், அதற்கான சாமான்களும் விற்கிறவர். பக்கத்துத் தெரு. பிளவுஸைப் பிரித்துப் பார்த்தவர் அதைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

“அக்கா, இது பிளவுஸா, பையா? கை ரெண்டும் ஒரே பக்கம் இருக்கு.”

“ஒரே பக்கமா கீது? நான் பாக்கறப்ப ரெண்டு பக்கமும் இருந்த மாதிரி தெரிஞ்சுதே மேரி.”

“உங்களுக்கு ரெண்டு ரெண்டாத்தான் தெரியும். அதுக்குத்தான செவ்வாக்கிழமை ஆபரேஷன்?”

“அது வேணாம்னு சொல்ட்டாரு.”

“யாரு, டாக்டரா?”

“குபேரன்.”

“அவரு எந்த ஆஸ்பத்திரி?”

“மீனும்மா!”

செல்வமேரி பிளவுஸைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“கத்தி வெக்கவே கூடாதாம். நாப்பத்தெட்டு நாளு தொட்டித் தண்ணிய கண்ணுல ஒரு ஒரு சொட்டு வுடணுமாம். வர்ற திங்கக்கிழமலேர்ந்து ஆரம்பம்.”

“அக்கா, மீனு அந்தத் தண்ணிலதான் கக்கா போகும்.”

“சீ, சாமியப் போயி…”

“சாமி எங்க வேணா போகட்டும். மீனு அதுலதான் போகும். அத கண்ணுல விட்டா இருக்கிற பார்வையும் போயிடும்க்கா.”

“பொறாமைல பேசாத மேரி. உன் கடை மீனு எதுவும் பேசல, அதான உன் வயித்தெரிச்சல்?”

கைகள் இரண்டும் ஒரு பக்கம் தொங்கும் பிளவுஸை எடுத்துக்கொண்டு செல்வமேரி வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை. சந்தையில் வெயிலும் வியாபாரமும் உச்சத்தில் இருந்தபோது அவருக்கு ஒரு போன் வந்தது.

“மேடம், ரெண்டு வருஷம் முன்னாடி உங்ககிட்ட மீன்தொட்டிக்கு ஒரு ஆட்டோமேடிக் வாங்கினேன். தண்ணி கொறைஞ்சா தானா நிரப்புமே, அது. இப்ப வேலை செய்யல. ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல ஷூட்டிங் இருக்கு. அவசரம்.”

“எந்த ஏரியா சார்?”

“கோவிலம்பாக்கம்.”

செல்வமேரிக்கு விக்கல் வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் ‘குபேரன் ஓய்வில் இருக்கிறார்’ என்று வாசலில் போர்டு தொங்கியது. உள்ளே செல்வமேரி அலமாரிக் கதவைத் திறந்தார். ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட். அதற்குள் உள்ளங்கை அளவு பம்ப். அதிலிருந்து ஒரு மெல்லிய டியூப் தொட்டியின் பின்பக்கம் ஏறி, பிளாஸ்டிக் பாறைக்குப் பின்னால் மறைந்தது. அந்தப் பாறைக்குப் பின்னால் ஒரு மிதவை. அவ்வளவுதான் குபேரனின் மொத்த அருளும். மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், பம்ப் ஓடும். மட்டம் ஏறினால் மிதவை ஏறும், பம்ப் நிற்கும். வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றுவதை ஈடு செய்ய வந்த சாமான் அது. ஊர் உலகத்துக்குப் பதில் சொல்ல வந்தது இல்லை.

முதலில் பிளக்கைப் பார்த்தார். கரண்ட் வருகிறது. பக்கெட்டைப் பார்த்தார். தண்ணீர் இருக்கிறது. டியூபைத் தடவினார். மடங்கவில்லை, அடைக்கவும் இல்லை. பம்பை நேராகக் கரண்டில் சொருகினார். ‘ம்ம்ம்ம்’ என்று ஓங்காரம் கிளம்பியது.

“உங்க ஓங்காரம் நல்லாத்தான் இருக்கு. கோளாறு மிதவைலதான்” என்று சொல்லிப் பாறைக்குப் பின்னால் கையை விட்டார். மிதவை மேலேயே நின்றிருந்தது, இறங்கவில்லை. மிதவைக்கும் அதன் தண்டுக்கும் நடுவே மிளகு அளவில் ஏதோ தட்டுப்பட்டது. நெம்பி எடுத்தார்.

“என்ன மேடம் அது?”

“நத்தை. குட்டி நத்தை. செடியோட வந்திருக்கும். இது போய் இடுக்குல உக்காந்துக்கிச்சு, மிதவை சிக்கிக்கிச்சு. தொட்டி எப்பவும் ஃபுல்லுன்னு பம்பு நெனைச்சுக்கிட்டு இருக்கு. எப்பலேர்ந்து இப்படி?”

“போன ஞாயித்துக்கிழமைலேர்ந்து. தெனம் காலைல நானே ஜக்குல ஊத்தி கயிறு வரைக்கும் நிரப்பிட்டிருந்தேன்.”

செல்வமேரி நத்தையை ஒரு சின்ன டப்பாவில் தண்ணீர் விட்டுப் போட்டு மூடினார்.

“அப்ப புதன்கிழமை ஒரு அம்மா கண் ஆபரேஷன் பத்திக் கேட்டாங்களே?”

“நான் எங்க வேணாம்னேன்? தண்ணி ஏறல. மறுப்புன்னேன். என்ன அர்த்தம்னு அவங்களா எடுத்துக்கிட்டாங்க. பரிகாரம் மட்டும்தான் நான் சொன்னது.”

“அவங்களுக்குப் பார்வை போயிடும் சார். போன் பண்ணி, மெஷின் கோளாறுன்னு சொல்லுங்க.”

“மெஷினா? மெதுவா பேசுங்க!” ஷ்யாம்சுந்தர் ஜன்னலைச் சாத்தினார். “மீனு ஒரு தடவ சொன்னத மாத்தினா அப்புறம் யாரு நம்புவாங்க? நாளைக்கு யூடியூப் சேனல்லேர்ந்து வர்றாங்க. நடுவுல மறுபடி சிக்கிக்கிச்சுன்னா அசிங்கம். நீங்களே பக்தை மாதிரி தொட்டிகிட்ட உக்காந்துக்குங்க. முதல் கேள்விய நீங்களே கேளுங்க. ‘என் கடை வளருமா’ன்னு கேளுங்க. தண்ணி ஏறும். உங்களுக்கும் விளம்பரம்!”

செல்வமேரி நத்தை டப்பாவை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“சரி சார். நான் கேக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் சைக்கிள்கூட நுழைய முடியவில்லை. உள்ளூர்ச் செய்திச் சேனல் நடத்தும் ஃபிரெடி, செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு, “மக்களே, லைவ்ல இருக்கோம்! குபேரன் கோபம் தணிஞ்சு இன்னிக்குப் பேசப் போறாரு!” என்று கத்தினார். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. முதல் வரிசையில் சரசு, கையில் சொட்டு மருந்து பாட்டில். உள்ளே இருந்த மருந்தைக் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீருக்காகக் காலியாக வைத்திருந்தார். பக்கத்தில் சின்னப்பன்.

“யாராவது ஒருத்தர் முன்னாடி வந்து கேளுங்க” என்றார் ஷ்யாம்சுந்தர். கண்கள் கூட்டத்தில் அலைந்து திரிந்து, தற்செயலாக வந்து நிற்பதுபோல் செல்வமேரி மேல் நின்றன. “ஆங், நீங்க வாங்கம்மா.”

செல்வமேரி எழுந்தார். செம்பை எடுத்தார். தொண்டையைச் சரி செய்துகொண்டு, தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

“குபேரா, இந்த ஷ்யாம்சுந்தர் எங்களையெல்லாம் ஏமாத்துறாரா?”

ஒரு செம்பு மொண்டார்.

ஷ்யாம்சுந்தரின் முகத்தில் இருந்த ஒளி, கரண்ட் போன மாதிரிப் போனது. “இது… இந்தக் கேள்வி செல்லாது! கண்ண மூடுங்க! எல்லாரும் கண்ண மூடுங்க!”

ஒருவர்கூட மூடவில்லை. ஆறு மாசத்தில் முதல் தடவையாக ஊரே கண்ணைத் திறந்துகொண்டு நின்றது.

‘ம்ம்ம்ம்…’

தண்ணீர் மெதுவாக ஏறியது. ஏறி, ஏறி, அழகாகச் சிவப்புக் கயிற்றைத் தொட்டு நின்றது.

“ஆமாங்குது!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“பொய்!” என்று ஷ்யாம்சுந்தர் அலறினார். “மீனு இன்னிக்குப் பொய் சொல்லுது!”

ஃபிரெடி போனை அவர் மூக்கருகே கொண்டு போனார். “சார், திரும்பச் சொல்லுங்க. குபேரன் பொய் சொல்வாரா?”

“இல்ல… சொல்ல மாட்டாரு.”

“அப்ப நீங்க ஏமாத்துறீங்க.”

“இல்லவே இல்ல!”

“அப்ப அவரு பொய் சொல்றாரு. ஏதாவது ஒண்ண முடிவு பண்ணுங்க சார், டேட்டா தீந்துடும்.”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. செல்வமேரி நிறுத்தவில்லை. “இப்ப நான் ஒண்ணுமே கேக்கல, பாருங்க” என்று சும்மா ஒரு செம்பு மொண்டார். தண்ணீர் ஏறியது.

“கேள்வியே இல்ல, யாருக்குப் பதில் சொல்லுது? அடுத்து, சின்னப்பண்ணே, உங்க ஆட்டோ பறக்குமான்னு கேளுங்க.”

சின்னப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். தண்ணீர் ஏறியது.

“அடப்பாவி, பறக்குமாமே!”

அந்த நேரம் ஷ்யாம்சுந்தர் பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தார். ஜிப்பா நுனி அலமாரிக் கைப்பிடியில் மாட்டியது. கதவு திறந்துகொண்டது. நீல பக்கெட், பம்ப், டியூப், எல்லாம் கொலு வைத்த மாதிரி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தன.

“இன்னாயா இது?” என்றார் சின்னப்பன். “என் வூட்டு மொட்டமாடி டேங்குலயும் இதே மாதிரி மிதவை கீது. தண்ணி ரொம்பினா மோட்டார நிறுத்திடும். அதுக்கு நான் ஒரு நாளும் கற்பூரம் ஏத்தனதில்லயே!”

அங்கே நின்ற முக்கால்வாசிப் பேர் வீட்டு மொட்டைமாடியில் அது இருந்தது. வீட்டில் இருந்தால் மெஷின், அடுத்தவர் வீட்டில் இருந்தால் அருள்!

செல்வமேரி பாறைக்குப் பின்னால் விரலை விட்டு மிதவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். “இப்ப நீங்க கேளுங்க சரசக்கா. போன புதன்கிழமை கேட்டதையே கேளுங்க.”

சரசு கேட்டார். சின்னப்பன் மொண்டு காட்டினார். தண்ணீர் ஏறவில்லை.

செல்வமேரி விரலை எடுத்தார். ‘ம்ம்ம்ம்’. ஏறியது.

“பாத்தீங்களா? உங்களுக்கு ஆபரேஷன் வேணாம்னது மீனு இல்ல, சாமியும் இல்ல.” கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினார். “இவருதான். ஒரு வாரமா மிதவைல உக்காந்திருந்தாரு.”

சரசு அதைக் கண்ணுக்கு ரொம்ப அருகில் கொண்டு போய்ப் பார்த்தார். தெரியவில்லை. விரலால் தடவினார்.

“நத்தையா? என் கண்ணு போனா போவுட்டும்னு ஒரு நத்த சொல்லி… நான் கேட்டுக்கினு வந்தேனா?” என்றவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. காலி பாட்டிலை ஷ்யாம்சுந்தர் மேல் எறிந்தார். குறி தவறிச் சின்னப்பன் தலையில் பட்டது.

“யோவ், அந்தாளு மேல பட்டுதா?”

“பட்டுச்சு. எம் மேல.”

“உனக்கும் ஒண்ணு தேவதான்.”

ஷ்யாம்சுந்தர் பின்வாசல் வழியாக ஓடியதும், அண்ணனும் தம்பியும் முதல் தடவையாக ஒற்றுமையாகத் துரத்தியதும், போலீஸ் வந்ததும், உண்டியலைத் தூக்கிக்கொண்டு போனதும் ஃபிரெடியின் வீடியோவில் இருக்கின்றன. மீனைச் செல்வமேரி ஒரு பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டார். அன்று வீடு திரும்பும்போது பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி அவர் கையைப் பிடித்து இழுத்து, காதில் கேட்டார்: “அந்த நத்தைய மட்டும் எனக்குக் குடுத்துடுங்கம்மா. அவ்ளோ பெரிய சாமியாரையே கவுத்துடுச்சே, எவ்ளோ சக்தி இருக்கணும்!”

செல்வமேரி தலையில் அடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் சரசு செல்வமேரியின் கையை விடவில்லை.

“பயமா கீது மேரி.”

“இருக்கட்டும்க்கா. பயந்துக்கிட்டே போகலாம். ஒண்ணும் தப்பில்ல.”

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். சரசு எதிரே நின்ற சின்னப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாய்யா, இவ்ளோ நரைச்சுட்டியா? இத்தினி நாளு தலைக்கு டை அடிக்கறேன்னு சொன்னதெல்லாம் பொய்யா?”

டாக்டர் சிரித்துக்கொண்டே, அடுத்த கண்ணுக்கு ஒரு மாசம் கழித்து வரச் சொன்னார். வெளியே வந்ததும் சின்னப்பன் தலையைச் சொறிந்தார்.

“அதுக்கு ஒரு நல்ல நாளா, யாரையாவது ஒரு வார்த்த கேட்டுக்கினு…”

சரசு நின்றார். தெளிந்த ஒரே கண்ணால் அவரை ஒரு பார்வை பார்த்தார். சின்னப்பன் உடனே ஆட்டோவைக் கிளப்பினார்.

எதற்கெடுத்தாலும் யாரிடமாவது போய் உத்தரவு கேட்டே தீருவேன் என்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கேட்பதற்கு முன்னால் அலமாரிக் கதவை ஒரு முறை திறந்து பாருங்கள். திறக்கக் கூடாது என்று யாராவது தடுத்தால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. செம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.